இரை எங்கே, பறவை அங்கே

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். இலையுதிர் காலத்தில் பூங்காவுக்குப் போனால் என்ன பார்க்கலாம் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தைத் தொட்டால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நல்லகாலம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருக்கிறார்.

நான் சொல்லப்போவது வடமேற்கு லண்டனில், கிங்ஸ்பெரிக்கும் வெம்பிளிக்கும் நடுவில் இருக்கும் ஃபிரையன்ட் கன்ட்ரி பார்க் பற்றி. உங்களில் பலர் அதைக் காரில் கடந்து போகிறவர்கள்தான். ஃபிரையன்ட் வே என்ற சாலை அந்தப் பூங்காவை நடுவால் வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் புல்வெளி, புல்வெளிகளுக்கு நடுவே முள்மரங்களால் ஆன உயர்ந்த முள்வேலி, ஒரு பக்கம் பார்ன் ஹில் என்ற குன்று. "அதுக்குள்ள என்ன இருக்கு, வெறும் புல்லுத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. போய்ப் பார்த்தவர்களும் சொல்வார்கள்: "போனோம் தம்பி, ஒரு சுற்றுச் சுற்றினோம், ஒன்றையும் காணவில்லை. நாயோடு நடக்கிற சனம்தான்."

ஏன் காணவில்லை? நடந்துகொண்டே பறவையைத் தேடினால் அப்படித்தான். பறவைக்கு உங்களைவிடக் கண் கூர்மை. நீங்கள் வருவதற்கு முன்னமே அது போய்விடும். நான் இன்று சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். பறவையைத் தேடாதீர்கள், அதன் சாப்பாட்டைத் தேடுங்கள். சாப்பாடு ஓடாது, பறக்காது. கொப்பில் தொங்கிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி வேண்டாம், புத்தகம் வேண்டாம். கண்டுபிடித்ததும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, பேசாமல் இருந்தால் போதும்.

இதற்கு இலையுதிர் காலத்தை விட்டால் வேறு நல்ல காலம் இல்லை. வசந்த காலத்தில் பறவைகள் கூட்டை மறைத்து வைத்துக்கொண்டு திரிகின்றன; இலையும் அடர்த்தி. செப்டம்பர் கடைசி வந்துவிட்டால் இலை மெல்ல மெல்லக் கழன்றுபோகிறது, பழமும் கொட்டையும் குவிந்து கிடக்கின்றன, குளிருக்கு முன் கொழுக்க வேண்டும் என்ற அவசரம் எல்லாவற்றுக்கும். சாப்பிடுகிற அவசரத்தில் பயம் கொஞ்சம் குறைகிறது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை காருக்குள் இருந்து ரெலிபோனைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்? நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். அந்த நேரம் தாராளமாகப் போதும்.

சரி, எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். இதைக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், நான் எங்கே போனாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஒரு ஒக்டோபர் சனிக்கிழமை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடும் பெரியவர் ஒருவர், யாழ்ப்பாணம் வடமராட்சியில் தோட்டம் செய்தவர், என்னோடு பூங்காவுக்கு வந்தார். அவருக்கு இந்த நாட்டுப் பறவைகளில் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது. "ஊரில் விடிய எழும்பினால் காது அடைக்கும். இங்கே என்ன சத்தம் கேட்குது?" என்பார். நான் அவரைப் பெரிய ஓக் மரம் ஒன்றுக்கு எதிரே இருந்த வாங்கில் இருத்தினேன். கீழே ஓக் கொட்டைகள் காலில் நெறிபடுகிற அளவுக்குக் கிடந்தன. "ஐயா, ஒன்றையும் தேடவேண்டாம். இந்த மரத்தை மட்டும் பாருங்கள்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். ஜே பறவை வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இது காகக் குடும்பம், நம்முடைய ஊர்க் காகத்துக்கு உறவு. உடம்பு இளஞ்சிவப்பும் மண்நிறமும் கலந்தது, செட்டையில் ஒரு துண்டு பளிச்சென்ற நீலம், பறக்கும்போது பின்பக்கம் வெள்ளையாகத் தெரியும். மற்ற மாதங்களில் மரத்துக்குள் ஒளிந்து திரியும், சத்தம் மட்டும்தான் கேட்கும். ஓக் கொட்டை பழுத்துவிட்டால் வெளியே வந்தே ஆகவேண்டும்.

அது கொட்டையை எடுத்தது, விழுங்கியது. இன்னொன்று, அதையும் விழுங்கியது. ஐயா முன்னுக்குச் சாய்ந்தார். "என்ன தம்பி, கோதோடு விழுங்குது, செமிக்குமோ?" செமிக்க விழுங்கவில்லை ஐயா, தொண்டைக்குள் அடுக்குகிறது என்றேன். தொண்டையில் பல கொட்டைகளை வைத்துக்கொண்டு, அலகில் இன்னொன்றையும் கவ்விக்கொண்டு அது புல்வெளிப் பக்கம் பறந்தது. அங்கே இறங்கி, ஒன்றைக் கக்கி, அலகால் மண்ணுக்குள் குத்தி, மேலே ஒரு காய்ந்த இலையை இழுத்து மூடியது. நாலடி தள்ளி அடுத்தது. இப்படி ஒரு ஜே ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளைப் புதைக்கிறது. ஆயிரக்கணக்கில் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். குளிர்காலத்தில் திரும்பி வந்து, பக்கத்தில் இருக்கிற செடி, கட்டை இவற்றை அடையாளம் வைத்துத் தோண்டி எடுக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும் எடுப்பதில்லை.

ஐயா எழுந்து புல்வெளி ஓரமாக நடக்கத் தொடங்கினார். குனிந்து குனிந்து பார்க்கிறார். நான் பறவையைக் காட்டினால் அவர் நிலத்தைப் பார்க்கிறார். கடைசியில் முழங்கால் அளவு நின்ற ஓக் கன்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, தாய்மரம் எவ்வளவு தூரத்தில் நிற்குது பார். காற்றுக்கு உருண்டு இவ்வளவு தூரம் வராது, மேட்டுப் பக்கம் வேறு. இது விழுந்து முளைச்சதில்லை, ஆரோ ஊன்றினது." பிறகு அவரே சொன்னார், "பனங்கொட்டை பாத்தி போட்ட மாதிரி வேலை செய்யுது இந்தப் பறவை. கிழங்கு கிண்ட மறந்த இடத்தில் வடலி வரும்தானே?"

நான் எத்தனையோ தரம் அந்த வழியால் நடந்தவன். கன்றைக் கண்டுபிடித்தது தோட்டக்காரர். பாரமான ஓக் கொட்டை மேட்டுக்கு ஏறுவதற்கு ஜே போன்ற பறவைகள்தான் வழி என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். சாம்பல் அணிலும் புதைக்கும், மறுக்கவில்லை. அது 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து விடப்பட்ட அணில். ஜே இந்த மண்ணில் நெடுங்காலமாக இதைச் செய்துவருகிறது. அன்றைக்குப் பிறகு ஐயா பள்ளி விடுமுறையிலும் மகளிடம் "பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று நிற்கிறாராம். மகள் என்னைக் கண்டால் முறைக்கிறார்.

சரி, கதை நீண்டுவிட்டது. முள்வேலிக்கு வருவோம்.

இந்தப் பூங்கா யாரோ திட்டம் போட்டு உண்டாக்கிய பூந்தோட்டம் இல்லை. பார்ன் ஹில் குன்றை மட்டும் 1793இல் ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற புகழ்பெற்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் மரம் நட்டு அழகுபடுத்தினார். மற்றதெல்லாம் பழைய வயல். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் ஓடியது குதிரையில். குதிரைக்குக் காய்ந்த புல் வேண்டும். அந்தப் புல்லை வளர்த்தது இந்தக் களிமண் வயல்கள்தான். மோட்டார் வண்டி வந்தது, சுற்றிவர வீடுகள் வந்தன, இந்த வயல்கள் மட்டும் வீடாகாமல் தப்பிவிட்டன. இன்றைக்கும் கோடை முடிவில் புல்லை வெட்டி எடுக்கிறார்கள். அந்த வயல்களுக்கு எல்லை போட்ட வேலிதான் இந்த முள்வேலி. ஹாதோர்ன் என்ற முள்மரம், அதில் சிவப்புச் சிவப்பாகச் சின்னப் பழம். பக்கத்திலேயே கருநீலப் பழத்தோடு பிளாக்தோர்ன், காட்டு ரோசாவின் செங்காய், கீழே பிளாக்பெரி. இதுதான் சாப்பாட்டுக் கடை. கடையைக் கண்டுபிடித்துவிட்டோம், இனி வாடிக்கையாளர் வரவேண்டும்.

ஒக்டோபரில் வருவார்கள். எங்கிருந்து? பெரும்பாலும் ஸ்கண்டிநேவியாவில் இருந்து. ரெட்விங் என்று ஒரு பறவை, கண்ணுக்கு மேலே வெளிர்ப் புருவம், செட்டைக்குக் கீழே செங்கல் நிறம். எடை 60 கிராம் அளவில்தான். அது இரவில் வடகடலைத் தாண்டி வருகிறது. நீங்கள் அதன் சத்தத்தைக் கேட்கலாம், அதுவும் பூங்காவுக்குப் போகாமலே. நாளைக்குக் குப்பை எடுக்க வருவார்கள் என்றால் இரவு தொட்டியைத் தெருவில் கொண்டுபோய் வைப்பீர்கள்தானே? காற்று இல்லாத ஒக்டோபர் இரவில் அப்படி வெளியே வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். மேலே, இருட்டில், மெல்லியதாக, ஊசி போல "சீஈப்" என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதுதான் ரெட்விங். தெருவிளக்கு, கார், ஸ்ரேடியத்தில் ஆட்டம் எல்லாவற்றுக்கும் மேலாகப் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த நாள் காலையில் பூங்காவுக்குப் போய் வானத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. எந்த வேலியில் பழம் கூட என்று பாருங்கள். திரும்பவும் அதேதான் சொல்கிறேன், சாப்பாட்டைத் தேடுங்கள். பழம் தின்று தீர்ந்த வேலியில் ஒன்றும் இராது. பழம் மிச்சமிருக்கிற வேலியில் ரெட்விங், அதைவிடப் பெரிய, சாம்பல் தலை உள்ள ஃபீல்ட்ஃபேர், உள்ளூர்க் கரும்பறவைகள் எல்லாம் சேர்ந்து நிற்கும். பழம் முடிந்த பிறகு மண்புழுவுக்காகப் புல்வெளியில் இறங்கும்.

பச்சைக்கிளி! கிளியைப் பற்றிச் சொல்லாமல் போனால் வீட்டுக்கு ரெலிபோன் வரும். லண்டனில் கத்திக்கொண்டு பறக்கும் அந்தக் கிளி நமக்கு ஊரில் தெரிந்த அதே இனம்தான், கழுத்தில் ரோசா வளையம் போட்ட கிளி. அதைக் கண்டதும் "எங்கட கிளி" என்று ஒரு அன்ரி என்னிடம் பெருமைப்பட்டார். மரபணுவைப் பார்த்தவர்கள், இவற்றின் மூதாதையர் பெரும்பாலும் பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் சேர்ந்தவை என்கிறார்கள். அன்ரிக்கு அது பிடிக்கவில்லை. கிற்றார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஒரு சோடியைத் திறந்துவிட்டார் என்று ஒரு கதை இருக்கிறதே, அதையும் நம்பவேண்டாம். 2019இல் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரைபடத்தில் வைத்துப் பார்த்து, ஒரே இடத்தில் இருந்து பரவியதற்கு அடையாளம் இல்லை, பல இடங்களில் கூண்டில் இருந்து தப்பியவையும் விடப்பட்டவையும்தான் என்று காட்டினார்கள். அவையும் இந்தக் காலத்தில் முள்வேலிப் பழத்துக்கும் அப்பிளுக்கும்தான் வரும்.

அப்புறம் ஐவிக் கொடி. எல்லோரும் சுவரைக் கெடுக்கிறது என்று வெட்டுகிற அதே கொடி. மற்றப் பூவெல்லாம் முடிந்த பிறகு, செப்டம்பரில் இருந்து நவம்பர் தொடக்கம்வரை பூப்பது இதுதான். வெயில் அடிக்கிற பக்கத்தில் பூத்த ஐவி முன்னால் நின்றால் காது இரையும். ஐவித் தேனீ என்றே ஒரு தேனீ உண்டு. பிரித்தானியாவில் அதை முதன்முதலில் கண்டது 2001இல். இப்போது தென் இங்கிலாந்து முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை, கையால் பிடித்து நசுக்காதவரை அது உங்களைக் கவனிக்காது.

தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். நான் ஆந்தையைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், நரி பற்றியும். நரி: பாதையில் கிடக்கும் அதன் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள், பிளாக்பெரி விதை இருக்கும், பிள்ளைகளுக்கு இதைவிடச் சந்தோசமான வேலை இல்லை. ஆந்தை: டோனி ஆந்தைகள் இலையுதிர் காலத்தில்தான் எல்லைச் சண்டை போட்டுக் கத்தும். "ஆந்தை கத்துது, கூடாது" என்று பயப்படாமல், பின்னேரம் இருட்டும் நேரத்தில் பழைய மரங்கள் உள்ள பக்கம் காதைக் கொடுங்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிய பிறகு, வேலை முடிந்து வரும் நேரத்திலேயே இருட்டிவிடும்.

சப்பாத்து: களிமண். நல்ல பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள், கோயிலுக்குப் போட்ட செருப்போடு வந்து வழுக்கியவர்களை நான் தூக்கிவிட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் போகமாட்டேன். காளான். மழைக்குப் பிறகு ஓக் மரத்தடியில் வெளிர்ப் பச்சைத் தொப்பியோடு வடிவான ஒன்று வரும், டெத் காப் என்று பெயர். காளான் நஞ்சால் உலகில் இறப்பவர்களில் பெரும்பாலானோர் அதனால்தான் இறக்கிறார்கள். சமைத்தாலும் நஞ்சு போகாது, சாப்பிட்டுப் பல மணித்தியாலம் கழித்துத்தான் தெரியவரும். ஊரில் புற்றுக்காளான் பறித்த பழக்கத்தில் கையை நீட்டாதீர்கள். படம் எடுங்கள், விட்டுவிடுங்கள். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.