பங்குத்தந்தையிடம் நேராகச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும் நம் மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருப்பீர்கள். பாடகர் குழு இன்று ஏன் விவிலியத் திருப்பாடலை விட்டுவிட்டது, சாமி (நம் பங்குத்தந்தை) ஏன் மறையுரை நேரத்தில் திருவிழா வசூல் கணக்கை வாசித்தார் என்று எல்லாம் அங்கே அலசப்படும். அன்று மாலைக்குள் அதே பேச்சு வாட்ஸ்அப்பில் ஓடும், அடுத்த அன்பியக் கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் கூட்டத்தில், மறுபடியும் எழும். சாமியின் காதுக்கு மட்டும் அது போவதில்லை. "அடுத்த மாற்றலில் போய்விடுவார், விடுங்கள்" என்று முடித்துவிடுவோம். இதை மரியாதை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு வருத்தம். குருவை உண்மையில் மதிக்கிறவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவரிடமே சொல்வார்.

நம் புதுச்சேரிக்கு இது புதிதும் அல்ல. 1745ஆம் ஆண்டில் நடந்த ஒன்றை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அன்றைய புதுச்சேரிக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க எழுப்பிய சுவர் அது. அந்த மக்கள் குருவிடமே போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று ஏற்றுக்கொண்டு சுவரை இடிக்க வைத்தார் குரு. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே வரைக்கும் போனது. எந்தச் சட்ட நூலும் கையில் இல்லாத மக்கள், வழிபாட்டில் தங்களை உறுத்திய அநீதியை, அதைத் தீர்க்கக்கூடியவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இன்று நமக்குச் சட்டமே துணை நிற்கிறது. 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் விதி, திருச்சபையின் நன்மையைக் குறித்த தம் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும்கூட என்கிறது. மேய்ப்பருக்குரிய வணக்கத்தோடு செய்ய வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. திருவழிபாட்டைக் குறித்து 2004இல் உரோமை வெளியிட்ட அறிவுரை ஏடு இன்னும் தெளிவாகப் பேசுகிறது: வழிபாட்டு முறைகேடு பற்றி எந்தக் கத்தோலிக்கரும் ஆயரிடம் முறையிடலாம், உண்மையோடும் அன்போடும் முறையிட வேண்டும்.

உண்மையோடு என்ற அந்த நிபந்தனையில்தான் நாம் பெரும்பாலும் தடுமாறுகிறோம். நமக்குப் பிடிக்காதது ஒன்று, விதிக்குப் புறம்பானது வேறொன்று. கோயிலில் மெழுகுவர்த்திக்குப் பதிலாகக் குத்துவிளக்கு ஏற்றினால், ஆரத்தி எடுத்தால், இதெல்லாம் நம் முறையா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். 1969 ஏப்ரல் மாதத்தில் இந்தியத் திருச்சபைக்கென உரோமை ஒப்புதல் தந்த, வழிபாட்டை நம் பண்பாட்டுக்கு ஏற்ப அமைக்கும் பன்னிரண்டு தழுவல்களில் எண்ணெய் விளக்கும் ஆரத்தியும் கைகூப்பி வணங்குவதும் அடங்கும். இது தெரியாமல் பங்குத்தந்தையிடம் போனால் அவரைப் புண்படுத்திவிட்டு வெறுங்கையோடு திரும்புவோம். கிதார் வேண்டாம், ஆர்மோனியம் போதும் என்பதும் பெரும்பாலும் நம் காதின் விருப்பமே. அதைத் தாராளமாகச் சொல்லலாம், விருப்பம் என்று சொல்லியே சொல்லலாம்.

பதிலுரைப் பாடல் அப்படிப்பட்டது அல்ல. அது இறைவார்த்தை வழிபாட்டின் ஒரு பகுதி. அன்றைய வாசகத்துக்கு மறுமொழியாகத் திருப்பாடல் நூலிலிருந்து எடுத்துத் தரப்பட்டது. அந்த இடத்தில் எவ்வளவு இனிமையான பக்திப் பாடலையும் வைக்கத் திருப்பலி நூலின் விதிகள் இடம் கொடுப்பதில்லை. பாடத் தெரிந்தவர் இல்லையென்றால் வாசித்துவிடலாம். சொந்த அதிகாரத்தில் வழிபாட்டில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ குருவுக்கும் உரிமை இல்லை என்று 1963லேயே, உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. திருப்பலி தனி ஒருவரின் சொத்து அல்ல என்பதால் எழுந்த விதி இது. கடலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் கூலி வேலை செய்யும் ஒரு தாய், வாரம் முழுதும் காத்திருந்து வந்து கேட்கும் வார்த்தையை யாரும் அவரிடமிருந்து எடுத்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உறுத்துகிற வழக்கத்தை இப்போதைய பங்குத்தந்தைதான் தொடங்கினார் என்பதில்லை. திருப்பலியில் அப்பத்தையும் இரசத்தையும் குரு அர்ப்பணிக்கும் நற்கருணை மன்றாட்டின் முடிவில் "இவர் வழியாக" என்று தொடங்கும் புகழுரை குரு சொல்ல வேண்டியது. ஓங்கிய "ஆமென்" நம்முடையது. பல இடங்களில் மக்களும் சேர்ந்தே அதைச் சொல்கிறோம். பக்தியினால் வேரூன்றிய பழக்கம். அதை ஒரே ஞாயிறில் நிறுத்தச் சொன்னால் பழி குருவின் தலையில்தான் விழும்.

அதனால் எப்போது, எப்படிப் பேசுகிறோம் என்பது முக்கியம். திருப்பலி முடிந்த கையோடு குரு உடை மாற்றும் சக்கிறீஸ்து அறைக்குள் நுழையாதீர்கள். அடுத்த பூசைக்குக் கிளைக் கிராமத்துக்குப் போக அவர் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். வாரநாள் மாலையில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். கூட்டமாகப் போனால் அது முற்றுகை. தனியாகவோ இன்னொருவரோடோ போங்கள். கேள்வியாகக் கேளுங்கள்: "ஃபாதர், பதிலுரைப் பாடலுக்கு வேறு பாட்டுப் பாடுகிறோமே, அதற்குக் காரணம் இருக்கிறதா?" காரணம் இருக்கலாம். பாடகர் குழுவில் இருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள், திருப்பாடலுக்கு மெட்டுத் தெரியாது என்று அவர் சொல்லலாம். அப்படியானால் சனிக்கிழமைகளில் நான் வந்து சொல்லித் தருகிறேன் என்று சொல்ல நமக்கு மனம் இருக்கிறதா? குறை சொல்லப் போகிறவர் ஒரு வேலையையும் ஏற்றுக்கொள்ளத் தயாராகப் போனால் எந்தக் குருவும் அவரை எளிதில் தட்டிக்கழிக்க மாட்டார்.

சில வேளை அவர் மறுக்கலாம், கோபப்படவும் கூடும். உடனே அவரைப் பற்றிப் பேசித் திரியாதீர்கள். பங்குப் பேரவையிலும் திருவழிபாட்டுக் குழுவிலும் எடுத்துச் சொல்லுங்கள். அதன் பிறகும் விதிமீறல் தொடர்ந்தால் நம் ஆயரான பேராயருக்கு எழுதலாம். எந்த நாள், எந்தத் திருப்பலி, கண்ணால் கண்டது என்ன, பங்குத்தந்தையிடம் பேசியபோது அவர் சொன்ன பதில் என்ன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அடியில் உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள்.

நன்றி. வணக்கம்.