சூடமும் பேட்டரியும்

வணக்கம் நேயர்களே. பெங்களூரில் வீடுகளுக்கு சோலார் பேனலும் இன்வெர்ட்டரும் பொருத்தித் தரும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். பேட்டரியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டதும், அல்சூரில் ஒரு வீட்டு ஆயுத பூஜைதான் நினைவுக்கு வந்தது.

பூஜைக்கு மறுநாள் நண்பகலில் அழைத்தார்கள். மாடிப்படிக்கு அடியில் தச்சர் இழைத்து இழைத்துச் செய்த அலமாரி. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை வேறு. "ஆசிட் வாடை கூடத்துக்கு வரக்கூடாது அல்லவா தம்பி" என்றார் அந்த வீட்டு அம்மா. திறந்தேன். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி, அதாவது குழாய் வடிவத் தகடுகள் கொண்ட ஈய-அமில பேட்டரி. ஆறு மூடிகளின் மேலும் சந்தனம், குங்குமம். காற்று போகும் சிறு துளைகள் சந்தனத்தில் அடைபட்டுக் கிடந்தன. எதிரே ஒரு தட்டில் சூடம் எரிந்த கருமை. பித்தளைக் கீல்கள் பச்சை பூத்திருந்தன. உள்ளே, உலை கொதிக்கத் தொடங்கும்போது எழுமே, அந்த மெல்லிய சத்தம்.

"கொதிக்கிறதே தம்பி, கெட்டுப்போய்விட்டதா?"

கெடவில்லை அம்மா, வயிறு நிறைந்துவிட்டது என்றேன். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது தகடுகளில் படிந்த ஈய சல்பேட் கரைந்து மாறுகிறது. அந்த வேலை முடியும் தறுவாயில், மிஞ்சும் மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கிறது: ஒரு தகட்டில் ஹைட்ரஜன், மறு தகட்டில் ஆக்ஸிஜன். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு இந்தக் குமிழ்கள் கொஞ்சம் தேவையும்கூட. அடியில் தங்கும் கனமான அமிலத்தை அவைதான் கலக்கிவிடுகின்றன. வாயுவுக்குப் பயந்து வோல்ட்டேஜைக் குறைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சல்பேட் இறுகிப்போய், இரண்டே ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். குற்றம் குமிழில் இல்லை, அடைத்த கதவில் இருக்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பழுதாகி, நிறைந்த பேட்டரிக்குள் 10 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 25 லிட்டருக்குக் குறையாமல் ஹைட்ரஜன் வரும். மூன்றடி உயரம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் உள்ள அலமாரி ஏறத்தாழ 340 லிட்டர். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும். காற்றுப் புகாத கதவு என்றால், அரை மணி நேரம் போதும். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, வாடையில்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் அது வேறு வாயு. பேட்டரி அளவு மீறிச் சூடாகிறது என்று பொருள். உடனே சார்ஜை நிறுத்த வேண்டும்.

பொழுது சாய்ந்து, சார்ஜ் நின்ற பிறகு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சூடம் காட்டியதால் அந்த வீட்டார் பிழைத்தார்கள். வெடித்தால் நெருப்பைவிட, முகத்தில் தெறிக்கும் அமிலம்தான் கொடுமை.

பரிகாரம் ஒன்றும் பெரிதில்லை. ஒற்றை பேட்டரிக்கு அஞ்சலட்டை அளவில் இரண்டு திறப்புகள்: தரையை ஒட்டி ஒன்று, உச்சியை ஒட்டி ஒன்று. ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசு. தானே மேலேறி வெளியேறும். மேல் திறப்பு அலமாரிக் கூரைக்கு ஒரு சாண் கீழே இருந்தால் பயனில்லை, அந்த ஒரு சாணில்தான் வாயு தங்கும். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டவும் கூடாது. அதற்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச், மாறும் ஒவ்வொரு முறையும் சிறு பொறி விடும்.

இனி வோல்ட்டேஜ். தண்ணீர் ஊற்றும் 12 வோல்ட் பேட்டரிக்கு 14.4 வரை ஏற்றி, நிறைந்ததும் 13.6 அளவுக்கு இறக்கிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றாத மூடிய வகைக்கு, தயாரிப்பாளர் அட்டையில் போட்டிருப்பதே கணக்கு. வெயில் ஏறினால் இந்த வோல்ட்டேஜ் இறங்க வேண்டும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.02 அல்லது 0.03 வோல்ட். பெங்களூர் குளிர்ந்த ஊர் என்ற பெருமையெல்லாம் ஏப்ரல் மாதத்தில் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் செல்லாது. கன்ட்ரோலரோடு தரும் வெப்ப உணரியைப் பெட்டியிலேயே தூங்க விடாமல் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்.

டிஸ்டில்டு வாட்டரை முழு சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். அமிலத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். பேட்டரி முனையில் மாட்டிய கம்பியைக் கழற்றுமுன் சார்ஜை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கதவைத் திறந்து வையுங்கள். மோதிரம், வளையல் கையில் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

அல்சூர் அலமாரிக்கு இப்போது காற்றுப் போக இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த கதவு. அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த அம்மா என்னையும் அழைத்திருந்தார். குங்குமம் பேட்டரியின் பக்கவாட்டில் இருந்தது. தட்டை ஏந்திக்கொண்டு வாசல் வரை போய், அங்கிருந்தே சூடம் காட்டினார்.