மலை உச்சி ரிப்பீட்டருக்கு எத்தனை பேட்டரி, எத்தனை பேனல்?

[காட்சி: கிளாம்ப் மீட்டர் சிவப்பு வயரைக் கவ்வியிருக்கிறது. திரையில் 0.5]

ரிப்பீட்டர்னா கையில இருக்கிற ரேடியோ செட்டோட பேச்சை வாங்கி, மறுபடி தூரத்துக்கு அனுப்புற செட். நம்மளது 12 வோல்ட் பேட்டரியில ஓடுது. இப்போ யாரும் பேசலை, ரிப்பீட்டர் சும்மாதான் இருக்கு. ஆனாலும் அரை ஆம்பியர் போயிட்டே இருக்கு. ஒருத்தர் பி.டி.டி., அதாவது பேசுறதுக்கான பட்டனை, அழுத்தினதும் பாருங்க, 6 ஆம்பியர். 25 வாட் வி.எச்.எஃப். செட்டுக்கு இது சாதாரணம்.

அந்த ஆறைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுவாங்க. ஒரு நாள்ல மொத்தம் ஒரு மணி நேரம் பேச்சு ஓடினா 6 ஏ.எச்., அதாவது 6 ஆம்பியர்-மணி. சும்மா இருந்த 23 மணி நேரத்துக்கு 11.5 ஏ.எச்.! அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டாண்ட்பையை, அதாவது சும்மா இருக்கும்போது ஆகுற செலவைக் குறைங்க. டிஸ்ப்ளே விளக்கை அணைங்க, ஃபேனை தெர்மோஸ்டாட்ல போடுங்க. 0.3-க்கு இறங்கினாலே தினம் 4.6 ஏ.எச். மிச்சம்.

ஆனா பேட்டரி அளவை புயல் நாளை வெச்சுத்தான் போடணும். அன்னைக்குத்தான் ரிப்பீட்டருக்கு வேலையே. 5 மணி நேரம் பேச்சுன்னு வெச்சா, குறைக்காத செட்டுக்கு சுமார் 40 ஏ.எச். கொடைக்கானல் மாதிரி மலையில, வடகிழக்குப் பருவமழையில மேகம் நாலைஞ்சு நாள் கலையாம நிக்கும். 5 நாளைக்கு 200 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அதனால 400 வாங்கணும். லித்தியம் பாஸ்பேட்னா இன்னும் ஆழமா இறக்கலாம், 250 போதும். 150 ஏ.எச். டியூப்ளர் (லெட் ஆசிட்ல ஒரு வகை) ஒண்ணே 50 கிலோவுக்கு மேல. அதைத் தலைச்சுமையா மேல ஏத்துற கூலியையும் விலையோட சேர்த்துப் பாருங்க.

சோலார் பேனல்: 40 ஏ.எச்.ஐ சுமார் 13 வோல்ட்டால பெருக்கினா 520 வாட்-மணி. மழைக்காலத்துல 3 மணி நேர வெயில், 30 சதவீதம் இழப்புன்னா 250 வாட் வரும். அது அன்னைக்குச் செலவுக்கு மட்டும். காலியான பேட்டரி நிரம்பணும்னா 500 வாட் போடுங்க. வயரை இரும்புக் குழாய்க்குள்ள விடுங்க, குரங்கு கடிக்கும்.

[காட்சி: கன்ட்ரோலர் செட்டிங்]

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற சார்ஜ் கன்ட்ரோலர் இது. லெட் ஆசிட்டுக்கு 11.5 வோல்ட்ல லோடு, அதாவது ரிப்பீட்டர், கட் ஆகணும். திரும்ப ஆன் ஆகுறதை 12-ல வெச்சா வம்பு. லோடு போனதும் பேட்டரி தானா 12-க்கு ஏறிடும், ரிப்பீட்டர் ஆன் ஆகும், யாராவது அழுத்தினதும் மறுபடி கட். விக்கல் மாதிரி ராத்திரி முழுக்க இதே கதை. 12.6-ல வைங்க.

பகல்ல தூரத்து ஸ்டேஷன் இரைச்சல்ல மூழ்குது, இருட்டினதும் சுத்தமா கேட்குதா? ஆன்டெனாவைக் கழட்டாதீங்க. ஒரு பலவீனமான சிக்னல் வரும்போது பேனல் மேல தார்ப்பாயைப் போட்டு மூடுங்க. இரைச்சல் அடங்கினா குற்றவாளி எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்தான் (பேனலோட அதிக வோல்டேஜை மாத்திப் பயன்படுத்துற வகை). பேனல் வயர், பேட்டரி வயர் ரெண்டையும் ஃபெரைட் வளையத்துல அஞ்சாறு சுத்து சுத்துங்க, கன்ட்ரோலரை இரும்புப் பெட்டிக்குள்ள வைங்க. அப்படியும் அடங்கலைன்னா, வோல்டேஜை மாத்தாத எளிய வகையான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலருக்கு மாறலாம். ஆனா அதோட 36 செல் பேனல்தான் சேரும். வோல்டேஜ் அதிகமான 60 செல் பேனலை மாட்டினா பாதிக்கு மேல வீண்.