கடல்ல விழப்போற வீட்டுக்குள்ள ஒரு நடை

எல்லாருக்கும் வணக்கம். விண்வெளி பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க, நான் ராக்கெட் பத்திப் பேசப்போறதில்ல, ஒரு வீட்டைப் பத்திப் பேசப்போறேன். நம்ம தலைக்கு மேல ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்துல சர்வதேச விண்வெளி நிலையம் சுத்திக்கிட்டு இருக்கு, 2000ஆம் வருஷம் நவம்பர் 2ஆம் தேதி அங்கேயே தங்கி வேலை பாக்கிற முதல் குழு உள்ள போச்சு, அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள்கூட அது ஆளில்லாம இருந்ததில்ல. இந்த வீட்டுக்குள்ள நடந்து பாக்கிற மாதிரி ஒரு விஆர், அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி கண்காட்சி இருக்கு, பேரு தி இன்ஃபினிட். 2021ல கனடாவுல மாண்ட்ரியல்ல ஆரம்பிச்சு அதே வருஷம் டிசம்பர்ல அமெரிக்காவுல நான் இருக்கிற ஹூஸ்டனுக்கு வந்துச்சு, அப்புறம் வேற ஊருங்களுக்கும் போச்சு. நான் ஹூஸ்டன்ல பாத்தேன்.

விஆர்னாலே நம்ம ஆளுங்க மால்ல சேர்ல உக்காந்து ரோலர்கோஸ்டர் பாக்கிறதைத்தான் நெனைப்பாங்க. இது அப்படி இல்லீங்க. பெரிய ஹால், கண்ணுல ஹெட்செட் மாட்டி விட்டுருவாங்க, அப்புறம் நீங்க நிஜமாவே கால் எடுத்து வச்சு நடக்கணும். கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியிற விண்வெளி நிலையம், நிஜத்துல அது 109 மீட்டர் நீளம், அதுக்குள்ள நீங்க நடக்கிறீங்க, சுத்தியும் கருப்பு வானம், கூட வந்தவங்க ஒளி உருவமா தெரிவாங்க, அதனால யாரும் யார் மேலயும் இடிச்சுக்க மாட்டாங்க. அங்கங்க வெளிச்சப் பந்து மாதிரி மிதந்துக்கிட்டு இருக்கும், கை நீட்டித் தொட்டா அந்த நிமிஷம் சுத்துமுத்தும் மாறிடும், நீங்க உண்மையான நிலையத்துக்குள்ள நிக்கிறீங்க, உங்களுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு விண்வெளி வீரர் மிதந்துக்கிட்டு சாப்பிடுறாரு.

அந்தப் பந்துக்குள்ள இருக்கிற காட்சி எதுவும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சது இல்ல, எல்லாம் அங்க மேலயே எடுத்த வீடியோ, இதை நான் அழுத்திச் சொல்றேன். ஃபெலிக்ஸ் அண்ட் பால் ஸ்டுடியோஸ்னு மாண்ட்ரியல் கம்பெனி, எல்லாப் பக்கமும் லென்ஸ் வச்ச கேமராவை மேல அனுப்பினாங்க, 2019 வாக்குல இருந்து வருஷக்கணக்கா எடுத்து 200 மணி நேரத்துக்கு மேல காட்சி சேத்தாங்க. கேமராமேன் யாருன்னு பாத்தா அங்க வேலை பாக்கிற வீரர்களேதான், ஏற்கெனவே ஒவ்வொரு அஞ்சு நிமிஷமும் அட்டவணை போட்டு வேலை செய்யிறவங்க, அதுக்கு நடுவுல கேமராவை ஒரு இடத்துல நிறுத்தி ஆன் பண்ணிட்டுத் தன் வேலையைப் பாக்கணும். அதுவும் எடையில்லாத இடத்துல சூடான காத்து தானா மேல எழும்பிப் போகாது, எந்த எலெக்ட்ரானிக்ஸா இருந்தாலும் சூடு அதைச் சுத்தியே நிக்கும், ஃபேன் வச்சுத் தள்ளணும். அவ்வளவு சிரமத்துக்கு நடுவுல எடுத்ததுதான் நம்ம டிக்கெட் வாங்கிப் பாக்கிறது.

எனக்கு மனசுல நின்னது சாப்பாட்டு மேஜைங்க. வானத்தைப் பாக்கணும்னு போனேன், ஆனா ரொம்ப நேரம் நான் நின்னது அங்கதான். வேற வேற நாட்டுக்காரங்க ஒரே மேஜையச் சுத்தி மிதக்கிறாங்க, ஒருத்தர் பாக்கெட்டைத் தள்ளி விடுறாரு, இன்னொருத்தர் பிடிக்கிறாரு, ரொட்டிக்குப் பதிலா சப்பாத்தி மாதிரி இருக்கிற டார்ட்டியா, ஏன்னா ரொட்டித் தூள் உதிர்ந்தா கீழ விழாது, காத்துல போய் கண்ணுல மூக்குல மெஷின்ல புகுந்துரும். டிவியில இதை ஆயிரம் தடவ பாத்திருப்போம், ஆனா அங்க ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கும், டைரக்டர் காட்டினதைத்தான் பாப்போம். இங்க பேசுறவரை விட்டுட்டு நான் திரும்பி சுவத்தைப் பாக்கலாம். நாலு பக்கமும் சுவர்தான், மேல கீழன்னு இல்ல, வயரு, வெல்க்ரோ, பை, லேப்டாப், ஒரு அங்குலம் காலி இல்ல. இவ்வளவு நெரிசல்ல நாசா வீராங்கனை கிறிஸ்டினா கோக் ஒரே மூச்சா 328 நாள் இருந்திருக்காங்க! அந்த இடுக்கைப் பாத்த பிறகுதான் அந்த நம்பரோட கனம் எனக்கு உறைச்சுது. அவங்களும் ஜெசிகா மியரும் 2019 அக்டோபர் 18ஆம் தேதி நிலையத்துக்கு வெளிய போய் 7 மணி நேரத்துக்கு மேல வேலை பாத்தாங்க, பெண்கள் மட்டுமே செஞ்ச முதல் விண்நடை அது.

சில பேருக்கு ஹெட்செட் மாட்டினா தலை சுத்தும், அதுக்கு பயந்து போகாம இருக்காதீங்க. நம்ம காதுக்குள்ள சமநிலை பாக்கிற உறுப்பு ஒண்ணு இருக்கு, கண்ணு நகர்றோம்னு சொல்லி காது இல்லைன்னு சொன்னா மூளை குழம்பும், குமட்டும். இங்க நீங்க நடந்தாதான் காட்சியும் நகருது, அதனால அந்தச் சண்டை கம்மி. நிஜமான வீரர்களுக்கும் முதல் சில நாள் இந்தக் குமட்டல் பாதிப் பேருக்கு மேல வருது, அங்க காதுக்கு எது கீழன்னே தெரியாம போயிரும். ஒண்ணு மட்டும் இந்த விஆரால தர முடியாது, அது எடையில்லாம இருக்கிறது, கால் தரையிலதான் இருக்கு, அதை எந்த ஹெட்செட்டும் மாத்தாது. பரவாயில்ல. ஹூஸ்டன்ல இருக்கிற ஜான்சன் விண்வெளி மையத்துலயே வீரர்களுக்கு விஆர் லேப் இருக்கு, விண்நடையில கை நழுவி விலகிப் போயிட்டா முதுகுல இருக்கிற சின்ன ஜெட்டை வச்சு எப்படித் திரும்பி வரணும்னு விஆர்லதான் பழகுறாங்க, மிதந்து பழக 12 மீட்டர் ஆழத்துல தனி நீச்சல்குளம் இருக்கு. அவங்களுக்கே ரெண்டும் தனித்தனியாதான் கிடைக்குது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அவசரமா சொல்றேன்னா, இந்த நிலையத்தை எப்பவும் வச்சிருக்கப் போறதில்ல. 2030 வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் பசிபிக் கடல்ல ஆளில்லாத பகுதியில விழ வைக்கிறதா நாசாவோட திட்டம், கீழ தள்ளுற கலத்தைச் செய்யிற வேலையை 2024 ஜூன்ல ஸ்பேஸ்எக்ஸுக்கு கொடுத்தாங்க. 400 டன்னுக்கு மேல எடை, மியூசியத்துல வைக்கக் கீழ கொண்டு வர வழியில்ல, பெரும்பாகம் எரிஞ்சு மிச்சம் கடலுக்குள்ள போகும். அதுக்குப் பிறகு பொறக்கிற ஒரு பிள்ளை அந்தச் சாப்பாட்டு மேஜை பக்கத்துல நின்னு சுவத்தைத் திரும்பிப் பாக்கணும்னா இந்த 200 மணி நேரம் மாதிரிப் பதிவுகள்தான் வழி. அதனால இதைப் பொழுதுபோக்குக் கணக்குல மட்டும் வைக்கிறது எனக்கு ஒப்பல, இது ஆவணம், பத்திரமா காப்பாத்தணும்.

இந்தியாவுக்கும் இதுல ஒரு வேலை இருக்கு. 2025 ஜூன்ல சுபான்ஷு சுக்லா இந்த நிலையத்துக்குப் போனாரு, அங்க காலடி வச்ச முதல் இந்தியர். இஸ்ரோ சொந்தமா பாரதிய அந்தரிக்ஷ் ஸ்டேஷன்னு ஒரு விண்வெளி நிலையம் கட்டுறாங்க, முதல் பகுதி 2028ல மேல போகணும், முழுசா 2035க்குள்ள முடிக்கணும்னு திட்டம். அதுல என்னென்ன சோதனை பண்ணணும்னு இப்பவே பட்டியல் போடுவாங்க, அந்தப் பட்டியல்ல முதல் நாள்லயிருந்தே உள்ள ஓடுற ஒரு 360 டிகிரி கேமராவும் இருக்கணும், எடுக்கிறதை நம்ம ஊர் கவர்மென்ட் ஸ்கூலுக்கெல்லாம் ஹெட்செட்டோட கொண்டு போகணும். கேட்டுக்கிட்டு இருக்கிறவங்கள்ல டீச்சருங்க இருந்தா, இஸ்ரோவுல வேலை பாக்கிறவங்க இருந்தா, தயவுசெஞ்சு இதை எழுதிக் கேளுங்க, நானும் எழுதப்போறேன். நன்றி, வணக்கம்.