10,363 தடவை ஒரே இடத்துல நின்னவரு

வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் பத்திப் பேசணும்னு கூப்பிட்டாங்க, உடனே டாம் பிரேடி மாதிரி பந்து போடற பெரிய ஸ்டாரோட கதையா இருக்கும்னு நினைச்சிருப்பீங்க, ஆனா நான் சொல்ல வந்தது பந்தைத் தொடறது வேலையே இல்லாத ஒருத்தரைப் பத்தி. ஜோ தாமஸ். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் டீம்ல 2007-லேருந்து 2017 வரைக்கும் லெஃப்ட் டேக்கிளா ஆடினவரு.

பந்தைத் தூக்கிப் போடற குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி அஞ்சு பேர் சுவர் மாதிரி நிப்பாங்க, அதுதான் ஆஃபென்சிவ் லைன், அதுல இடது ஓரத்து ஆளுதான் லெஃப்ட் டேக்கிள். வலது கைக்காரர் பந்து போடத் திரும்பி நின்னா இடது பக்கம் அவருக்கு முதுகுப் பக்கமா ஆயிடும், அங்கேருந்து யாராவது பாய்ஞ்சு வந்தா கண்ணுக்கே தெரியாது, வர்ற ஆளும் லேசுப்பட்டவர் இல்ல, எதிர் டீம்கள்ல ஆடின ஜேம்ஸ் ஹாரிசன், டெரல் சக்ஸ் மாதிரி முரட்டு ஆளுங்க, அவங்க டீமும் கிளீவ்லேண்டும் ஒரே பிரிவுங்கறதால வருஷத்துக்கு ரெண்டு மேட்ச் கட்டாயம் உண்டு.

தாமஸோட காலையும் கையையும் மட்டும் பாருங்க. பந்து பின்னால போன அந்த நொடியே ரெண்டு மூணு எட்டு வழுக்கற மாதிரி பின்னாடி போவாரு, இடுப்பு தாழ்ந்து இருக்கும், முதுகு நிமிர்ந்தே இருக்கும், எதிராளி கைக்கெட்டற தூரத்துக்கு வந்ததும் நெஞ்சுல டப்புனு ரெண்டு கையையும் வைப்பாரு. கொஞ்சம் விலகி ஜெர்ஸியைப் பிடிச்சு இழுத்தாருன்னா ஹோல்டிங்னு தப்பு, டீம் 10 யார்டு பின்னாடி போகணும். இப்படி ஒரு மேட்ச்ல அறுபது எழுபது மோதல். ஆறடி ஆறங்குல உயரம், 140 கிலோ எடை, அந்த எடை குறையாம இருக்கச் சாப்பிடறதே அவருக்கு ஒரு வேலையா இருந்திருக்கு, ரிட்டையர் ஆனதும் இருபது கிலோவுக்கு மேல இறக்கிட்டாரு.

விஸ்கான்சின்காரர். புது வீரர்களை டீம்கள் வரிசையாத் தேர்ந்தெடுக்கற 2007 டிராஃப்ட்ல மூணாவது ஆளா இவரை எடுத்தாங்க, பெரிய வீரர்லாம் கோட்டு சூட்டு போட்டு நியூயார்க் மேடைக்குப் போற நாள் அது, இவரு அப்பாவோட மிச்சிகன் ஏரியில படகுல மீன் பிடிச்சிட்டு இருந்தாரு!

முதல் வருஷம் டீம் 10 மேட்ச் ஜெயிச்சும், சாம்பியனைத் தீர்மானிக்கற பிளேஆஃப் சுற்று கிடைக்கல. அதுக்கப்புறம் சரிவுதான். ஆறு கோச் மாறினாங்க, இவரு காலத்துல மொத்தம் 20 குவார்ட்டர்பேக் ஸ்டார்ட் பண்ணாங்க, 2016-ல ஒரே ஒரு வெற்றி, 2017-ல அதுவும் இல்ல. ஒரு பிளேஆஃப் மேட்ச் கூட ஆடாமலே போயிட்டாரு மனுஷன். ஆனா அந்த வருஷத்தோட சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தொடர்ந்து 10 தடவை தேர்வானாரு, 2023-ல தகுதி வந்த முதல் வருஷமே ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். தோத்துக்கிட்டே இருக்கற டீம்ல, ஸ்கோர்போர்டுல பேரே வராத இடத்துல நின்னு இதை வாங்கியிருக்காருங்க, அதான் எனக்கு இவரு மேல அவ்வளவு மரியாதை.

அப்புறம் அந்த 10,363. ஒவ்வொரு தடவையும் பந்தைப் பின்னால குவார்ட்டர்பேக்குக்குக் கொடுத்து ஆட்டம் தொடங்கறதுதான் ஸ்னாப், முதல் மேட்ச்லேருந்து தொடர்ச்சியா இவரு ஆடின ஸ்னாப் கணக்கு அது. முட்டி எவ்வளவு பாடுபடுத்தினாலும், மேட்ச் கைவிட்டுப் போனதுக்கப்புறமும், ஒண்ணைக்கூட விடல.

2017 அக்டோபர் 22, டென்னசி டைட்டன்ஸ் டீமோட கிளீவ்லேண்ட்ல மேட்ச், ஆட்டத்தோட நாலு பகுதியில மூணாவது. வழக்கமா ஆயிரம் தடவை செஞ்ச அதே மோதல்தான், இடது மேல்கையோட பின்பக்கத் தசை, ட்ரைசெப்ஸ், கிழிஞ்சிடுச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டு தரையில விழுந்துட்டாரு. அவரை வெளியே கூட்டிட்டுப் போனாங்க. அடுத்த ஸ்னாப்புக்கு டீம் வரிசை கட்டினப்போ, பத்து வருஷத்துல முதல் தடவையா, அந்த இடது ஓரத்துல 73-ஆம் நம்பர் ஜெர்ஸி இல்ல.