சிவப்பு கவுன் யாருடையது? - 'இரவல் பாடல்களே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவி அவர்களே, மணி ஒன்பதாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பாடகி சிண்டி லாப்பர் 1983 அக்டோபரில் வெளியிட்ட முதல் தனி ஆல்பம் 'ஷீஸ் ஸோ அன்யூஷுவல்'. அந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்தியவை அவர் எழுதிய சொந்தப் பாடல்களா, அடுத்தவர் எழுதியதை வாங்கி அவர் பாடிய இரவல் பாடல்களா? நாங்கள் இரவல் அணி. பெயரே கொஞ்சம் கேவலமாகத்தான் இருக்கிறது. தலைப்பு வைத்தவர்களுக்கே எங்கள் மேல் இரக்கம் இல்லை.

எதிரணித் தலைவி ஒரு பழமொழி சொன்னார், கைதட்டலும் வாங்கினார். "இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிந்தாளாம்." அம்மா, அந்தச் சேலைக்கு நான் கடைசியில் வருகிறேன். மறக்க மாட்டேன்.

முதலில் கணக்கு. ஆல்பத்தில் பத்துப் பாட்டு. எழுதியவர் வரிசையில் சிண்டியின் பெயர் இருப்பது நான்கில்: 'டைம் ஆஃப்டர் டைம்', 'ஷீ பாப்', 'விட்னஸ்', 'ஐல் கிஸ் யூ'. அந்த நான்கிலும் அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் உண்டு. மற்ற ஆறும் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் நடுவர், ஆறு சுமாரான பாட்டைவிட நான்கு நல்ல பாட்டு மேல் என்பார். அதனால் எண்ணிக்கையை விட்டுவிடுகிறேன்.

இசைத்தட்டை எடுத்து முதல் பக்கத்தில் ஊசியை வையுங்கள். முதல் பாட்டு, 'மனி சேஞ்சஸ் எவ்ரிதிங்'. அது அட்லாண்டாவின் 'தி பிரெயின்ஸ்' குழுவுக்காக டாம் கிரே எழுதியது. இரண்டாவது, 'கேர்ல்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹாவ் ஃபன்', ஃபிலடெல்ஃபியாக்காரர் ராபர்ட் ஹசர்ட் எழுதியது. மூன்றாவது, பாடகர் பிரின்ஸ் 1980இல் வெளியிட்ட 'வென் யூ வேர் மைன்'. மூன்றும் எங்களுடையவை. நான்காவதாகத்தான் எதிரணியின் செல்லப்பிள்ளை 'டைம் ஆஃப்டர் டைம்' வருகிறது. அவர்கள் வீட்டுக்குப் போவதற்கே எங்கள் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும், நடுவர் அவர்களே!

அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடுவதில் என்ன பெருமை என்று கேட்டார் தலைவி. முதலில், இது திருட்டில்லை. எழுதியவர் பெயர் உறையில் அச்சாகிறது, அவருக்கு ராயல்டி போகிறது. அப்புறம், நம் சபாக்களில் இரண்டரை மணி நேரம் கச்சேரி செய்கிற வித்வான், தான் எழுதிய பாட்டு ஒன்றுகூடப் பாடாமல் மேடையை விட்டு இறங்குகிறார். "இது இரவல் கச்சேரி" என்று யாராவது எழுந்து போனதுண்டா? கேன்டீனுக்கு எழுந்து போவார்கள், அது வேறு விஷயம்.

பாட்டை எங்கிருந்து வாங்கினார் என்பதைவிட, வாங்கி என்ன செய்தார் என்று பார்க்கச் சொல்கிறேன். அந்த முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். டாம் கிரேயின் பாட்டில் ஒரு பெண் காதலனை விட்டுப் போகிறாள். புதியவன் வெளியே காரில் காத்திருக்கிறான். "அவள் சொன்னாள்" என்று கைவிடப்பட்ட ஆண் கதை சொல்கிறான், நாமும் பாவம் என்று உச்சுக்கொட்டுகிறோம். சிண்டி அந்த இடத்தில் "நான் சொன்னேன்" என்று பாடினார். மாறியது எழுவாய் மட்டும்தான். கதை அதுதான், கார் அதுதான், பணம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது என்ற பல்லவியும் அதுதான். ஆனால் இப்போது காசுக்காகக் காதலை விட்டுப் போகிறவளே நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். நடுவில் மெலோடிகா என்கிற ஊதி வாசிக்கும் வாத்தியம் வந்து கத்திவிட்டுப் போகும். அதன் பிறகு அவர் குரலை நீட்டிக்கொண்டே போவதைக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்கிற குரலா அது? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரண்டாவது பாட்டு இன்னும் சுவாரசியம். ஹசர்ட் 1979இல் டெமோவாக, அதாவது மாதிரிக்காக, பதிவு செய்தபோது அது ஆண் பாட்டு. இந்தப் பெண்களுக்கு ஜாலிதான் வேண்டும், அதுவும் என்னோடு வேண்டும் என்று ஓர் ஆண் மீசையை முறுக்கிக்கொள்கிற பாட்டு. தயாரிப்பாளர் ரிக் செர்டாஃப் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது சிண்டி முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். நானும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் வரிகளை மாற்றினார். விடியற்காலையில் வீடு திரும்புகிற பெண், எப்போதடி உருப்படப்போகிறாய் என்று கேட்கிற அம்மா, நடுராத்திரியில் அடிக்கிற போன், கத்துகிற அப்பா என்று பாட்டுக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது, இப்போது கதை சொல்கிறவள் பெண். வீடியோவில் அம்மாவாக நடித்தவர் சிண்டியின் நிஜ அம்மா. அப்பாவாக வந்தவர் லூ ஆல்பனோ என்ற மல்யுத்தக்காரர். 1984இல் எம்டிவி முதன்முறையாக வீடியோ விருதுகள் கொடுத்தபோது, சிறந்த பெண் பாடகி வீடியோ என்ற விருது இதற்குத்தான் போனது.

ஒரு ஆண் தன்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்ட பாட்டு எங்கே போய் நின்றது தெரியுமா? 2017இல் அமெரிக்காவில் நடந்த பெண்கள் பேரணிகளில் 'ஃபன்' என்ற சொல்லை இழுத்து 'ஃபன்டமென்டல் ரைட்ஸ்' என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பெண்களுக்கு வேண்டியது அடிப்படை உரிமை! 1979 டெமோவோடு நின்றிருந்தால் இந்த அட்டையை யாராவது எழுதியிருப்பார்களா?

ஆல்பத்தின் பெயருக்கு வாருங்கள். 1929இல் ஹெலன் கேன் பாடிய பாட்டு ஒன்று உண்டு, 'ஹீஸ் ஸோ அன்யூஷுவல்'. சின்னக் குழந்தை கொஞ்சுவதுபோன்ற அந்தக் குரலில் சிண்டி இரண்டாம் பக்கத்தில் அதை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பாடிவிட்டு ஓடிவிடுவார். அந்தப் பாட்டின் 'ஹீ'யை 'ஷீ' ஆக்கினால் ஆல்பத்தின் பெயர். ஆக, உறையில் பெரிதாக அச்சிட்ட பெயரே இரவல் பாட்டைத் திருத்தியதுதான். "அவன்" இருந்த இடத்தில் "அவள்". டாம் கிரேக்கும் ஹசர்டுக்கும் செய்த அதே வைத்தியம். பாட்டு எழுதிய பேனா எதிரணிக்குப் பெரிதாகத் தெரிகிறது. எழுவாயை மாற்றுகிற தொண்டையையும் கொஞ்சம் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

சரி, எதிரணியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். ஒளித்துவைக்க முடியாது. 1984 ஜூனில் அமெரிக்காவின் ஹிட் பாட்டுப் பட்டியலான பில்போர்டில் முதலிடம் பிடித்தது 'டைம் ஆஃப்டர் டைம்'. ஆல்பத்தில் முதலிடம் பிடித்த ஒரே பாட்டு அதுதான், சொந்தப் பாட்டு. நல்ல பாட்டு. நானும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறவன்தான். மறுக்கவில்லை. (பாட்டின் தலைப்பை மட்டும் சிண்டி டிவி நிகழ்ச்சிப் பத்திரிகையில் இருந்த ஒரு படத்தின் பெயரைப் பார்த்து எடுத்தார். அங்கேயும் கொஞ்சம் இரவல்! ஆனால் இதற்கு நான் மதிப்பெண் கேட்கவில்லை.)

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பாட்டு ஏன் முதல் சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் முதல் பாட்டாக, வரவில்லை? அதை முதலில் விடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. வேண்டாம் என்றவர் சிண்டி. மெதுவான பாட்டோடு அறிமுகமானால் 'இது சோகப் பாட்டுப் பாடுகிற பெண்' என்று முத்திரை குத்தி மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் 'கேர்ல்ஸ்' முதலில் போனது, பில்போர்டில் இரண்டாமிடம் வரை ஏறியது. அதன் பின்னால்தான் 'டைம் ஆஃப்டர் டைம்' போனது. நடுவர் அவர்களே, நம்முடைய தலைப்புக்கு 1983இலேயே ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தன் சொந்தப் பாட்டைப் பின்னால் நிற்கவைத்து, இரவல் பாட்டை முன்னால் அனுப்பினார். பாட்டை எழுதியவரே எங்கள் பக்கம் நிற்கும்போது எதிரணியில் யார்தான் மிச்சம்?

அறிமுக ஆல்பம் ஒன்றிலிருந்து நான்கு பாட்டுகள் பில்போர்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது, பெண் பாடகி ஒருவருக்கு அதுதான் முதல் தடவை. அதில் இரண்டு அவர்களுடையவை. 'ஷீ பாப்' மூன்றாமிடம். அது எதைப் பற்றிய பாட்டு என்று குடும்பத்தோடு வந்திருக்கிற இந்தச் சபையில் நான் சொல்ல மாட்டேன், தலைவியும் சொல்லாமல் நாசூக்காகத் தாண்டிவிட்டார். இரண்டு எங்களுடையவை: 'கேர்ல்ஸ்', ஐந்தாமிடம் வந்த 'ஆல் த்ரூ த நைட்'. பின்னதை எழுதியவர் ஜூல்ஸ் ஷியர். அவரே ஸ்டூடியோவுக்கு வந்து சிண்டிக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவரே கல்யாணப் பந்தியில் நின்று பரிமாறுவதுபோல.

மைல்ஸ் டேவிஸ் 1985இல் 'டைம் ஆஃப்டர் டைம்' பாட்டைத் தன் டிரம்பெட்டில் வாசித்ததைச் சொல்லி, பார்த்தீர்களா சொந்தப் பாட்டின் மகிமையை என்றார் தலைவி. அம்மா, மைல்ஸ் டேவிஸ் செய்ததற்கு என்ன பெயர்? அது இரவல் இல்லையா? நீங்கள் பெருமையாகக் காட்டிய சாட்சி, எங்கள் அணியின் உறுப்பினர்.

சொந்தப் பாட்டு மட்டும் போதும் என்றால் அதையும் சிண்டி ஒருமுறை செய்து பார்த்துவிட்டார். 1980இல் 'புளூ ஏஞ்சல்' என்ற குழுவோடு ஒரு ஆல்பம் போட்டார். பெரும்பாலானவை அவரும் ஜான் டூரியும் எழுதியவை. குரல் அதேதான். ஆல்பம் விற்கவில்லை, குழு கலைந்தது, வழக்கு வந்தது, சிண்டி திவால் மனுப் போட்டார். விற்பனை ஒன்றே அளவுகோல் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எதிரணி பில்போர்டு பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தார்கள், நான் இதை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அதற்கும் முன்னால், எழுபதுகளில், அவர் நம்மூர் மெல்லிசைக் குழுப் பாடகர்போல நியூயார்க் பக்கத்து கிளப்புகளில் அடுத்தவர் ஹிட் பாட்டுகளைப் பாடிச் சம்பாதித்தவர். 1977இல் குரல் போய்விட்டது. இனிமேல் பாடவே முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஒரு குரல் பயிற்சியாளரிடம் போய் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அடுத்தவர் பாட்டில் தொண்டையைத் தொலைத்து, திரும்ப எடுத்து வந்தவரிடம் போய் இரவல் பாட்டு சுலபம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மணி அடித்துவிட்டீர்கள். சேலைக்கு வந்துவிடுகிறேன்.

ஆல்பத்தின் உறையைப் பாருங்கள். ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம். நியூயார்க்கின் கோனி தீவில் ஒரு மெழுகுச் சிலைக் காட்சிக்கூடத்தின் முன்னால் சிண்டி பூங்கொத்தோடு ஆடிக்கொண்டிருக்கிறார். உடுத்தியிருப்பது பழங்காலச் சிவப்பு கவுன். 'ஸ்கிரீமிங் மிமீஸ்' என்ற பழைய துணிக் கடையில் அவர் வேலை பார்த்தார். அங்கே வாங்கிய கவுன் அது. அவருக்கு முன்னால் யாரோ ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு எங்கேயோ ஆடப் போயிருப்பாள். அந்த உறை வடிவமைப்புக்குக் கிராமி விருது கிடைத்தது. உறையைத் திருப்பினால் அவருடைய ஷூவின் அடிப்பக்கம் தெரியும், அதில் வான்கோவின் விண்மீன் இரவு ஓவியம். அதுவும் இரவல்தான்.

முன்பக்கத்துப் படத்தில் அந்த ஷூ காலில் இல்லை. சிண்டி எறிந்தது அதை மட்டும்தான், அம்மா. சேலையை இல்லை.

நன்றி, வணக்கம்.