ஆடி மாதத்தில் ஒரு மாநாடு

நேயர்களுக்கு வணக்கம்.

கண்காட்சியின் கடைசி நாள் சாயங்காலம், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அரங்கத்துக்குள் நீங்கள் யாரும் வந்திருக்க மாட்டீர்கள். நான் அந்த நேரத்தில்தான் உள்ளே போவேன். ஸ்டால் போட்டுக் கொடுப்பது என் தொழில். கோயம்புத்தூரில் இருபது வருடத்துக்கு மேல் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மாநாடு, கண்காட்சி என்று ஊருக்கு வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். அதனால்தானோ என்னவோ, தொழில் நிமித்தம் வருகிறவர்களை வைத்து ஒரு நகரம் எப்படி நீடித்து வளரலாம் என்று பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். படித்தவர்கள் பேசவேண்டிய தலைப்பு. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கண்காட்சி முடிந்தது என்று மைக்கில் சொன்னதும் ஏசி நிற்கும். அப்புறம் சுத்தியல் சத்தம்தான். மூன்று நாளைக்கு முன்னால் பெயின்ட் வாசம்கூடப் போகாமல் நின்ற பிளைவுட் சுவரை ஒரே உதையில் சாய்ப்போம். ஆணியைப் பிடுங்கி, பலகையை அலுங்காமல் பிரித்து அடுக்கினால் இன்னும் நாலு கண்காட்சிக்கு அதே பலகை வரும். ஆனால் விடிவதற்குள் மண்டபத்தைக் காலி செய்து கொடுத்தாக வேண்டும். அடுத்த ஆள் வாசலில் லாரியோடு நிற்பார். பிரிக்க நேரம் கிடையாது, உடைக்கத்தான் நேரம். கீழே விரித்த கார்பெட்டும் அப்படித்தான். மெல்லிய செயற்கை நார் விரிப்பு, டேப் போட்டு ஒட்டியிருப்போம், எடுக்கும்போது கிழிந்துகொண்டுதான் வரும். ஒரு சாதாரண ஸ்டால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது சதுர மீட்டர். முந்நூறு ஸ்டால் என்றால் 2,700 சதுர மீட்டர், நடைபாதை தனி. மூன்று நாள் மிதிபட்டதோடு அதன் ஆயுள் முடிந்தது.

இந்த வீணுக்கு மரமோ விரிப்போ காரணமில்லை, மண்டப வாடகைதான் காரணம். வாடகை நாள் கணக்கில் ஏறுகிறது. அதனால் நடத்துகிறவர்கள் கட்டுவதற்கும் பிரிப்பதற்கும் உள்ள நேரத்தை முடிந்தவரை குறுக்குகிறார்கள். பிரிப்பதற்கு மட்டும் இன்னொரு அரை நாளைப் பாதி வாடகைக்குக் கொடுத்தால் என் ஆட்கள் மரத்தில் பாதியையாவது காப்பாற்றிவிடுவார்கள். பசுமை மாநாடு என்று பேனர் கட்டுவதைவிட இது சுலபம். அந்த பேனரும் ஃபிளெக்ஸில்தான் அடித்து வருகிறது என்பது வேறு விஷயம்.

சரி, கோவைக்கு ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்? கடற்கரை இல்லை, பெரிய கோட்டை இல்லை. ஊட்டிக்குப் போகிறவர்கள் வழியில் காப்பி குடிக்கிற ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் பம்ப், கிரைண்டர், வார்ப்படம், நூல், ஜவுளி எந்திரம் என்று இந்த ஊர் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருக்கிறது. அதை வாங்கவும் விற்கவும் வருகிறவர்களைக் கொண்டு வளர்ந்ததுதான் இங்கே கண்காட்சித் தொழில். கொடிசியா 1969-இல் சிறுதொழில் செய்கிறவர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். அவிநாசி சாலைப் பக்கம் இருக்கும் பெரிய வளாகம் அவர்களுடையது. தூணில்லாத பெரிய கூடத்தை எந்த ஊரிலும் கட்டிவிடலாம். அதற்குள் கொண்டுவந்து வைக்க உள்ளூரில் சரக்கு வேண்டுமே.

கரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1912 முதல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கடராமனும் உருவாக்கிய கோ 205 என்ற கரும்பு ரகம் 1918-இல் வெளியானது. அதிலிருந்து இன்றுவரை ரகத்தின் பெயருக்கு முன்னால் நிற்கிற அந்த 'கோ', கோயம்புத்தூர்தான். வட இந்தியாவில் கரும்பு போடுகிற விவசாயி நம் ஊரைப் பார்த்தே இருக்க மாட்டார், ஆனால் வாயில் நம் ஊர்ப் பெயர் இருக்கும். கரும்பு பற்றி உலகத்தில் யார் மாநாடு போட்டாலும் அவர்களைக் கோவைக்கு வாருங்கள் என்று கெஞ்ச வேண்டியதில்லை. ஊர் செய்கிற வேலைக்கும் ஊரில் நடக்கிற மாநாட்டுக்கும் இப்படி ஒட்டு இருந்தால், சலுகையும் விளம்பரமும் நின்றுபோன பிறகும் ஆட்கள் வருவார்கள். ஒட்டில்லாத மாநாடு அடுத்த வருடம் இன்னும் மலிவாக மண்டபம் தருகிற ஊருக்குப் போய்விடும்.

பெரிய மாநாடு ஊருக்கு எதை விட்டுப்போகிறது என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டில் என்னென்ன கட்டுரை வாசித்தார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. அதையொட்டி வைத்த மெரினா சாலை ஓரத்துச் சிலைகள் தெரியும். 2010 ஜூன் 23 முதல் 27 வரை இங்கே செம்மொழி மாநாடு நடந்தது. எத்தனை பேர் வந்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று எண்ணவே முடியவில்லை. அப்போது சாலைகள் அகலமாயின. காந்திபுரத்தில் மத்திய சிறை இருக்கும் இடத்தில் செம்மொழிப் பூங்கா வரும் என்றும் சொன்னார்கள். அதைத் திறந்து வைத்தது 2025 நவம்பரில். ஐந்து நாள் மாநாட்டின் பாக்கியை வாங்கப் பதினைந்து வருடம். சொன்னது ஒன்றும் நடக்காமல் போன ஊர்களும் இருக்கின்றன என்பதால் இதைக் குறையாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

இனி என் மனதில் ரொம்ப நாளாக இருக்கும் ஒரு யோசனை. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாள் வந்தால் இந்த ஊரில் ரூம் கிடைக்காது, மண்டபம் கிடைக்காது, சமையல்காரர் போனை எடுக்க மாட்டார். வெளியூரில் உட்கார்ந்து தேதி குறிப்பவர்களுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஒருமுறை வடக்கேயிருந்து வந்த ஒரு குழு நல்ல முகூர்த்த நாளில் மருத்துவர்கள் கூட்டத்தை வைத்துவிட்டது. விருந்தினர்களில் பாதிப் பேரைத் திருப்பூரில் தங்க வைத்து, தினமும் ஐம்பது கிலோமீட்டர் காரில் கூட்டி வந்தார்கள். ஆளுக்கொரு கார். டீசலும் போச்சு, காலை அமர்வும் போச்சு.

ஆடியும் மார்கழியும் வந்தால் நிலைமை தலைகீழ். கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். பந்தல்காரர், சமையல்காரர், பாத்திரம் கழுவும் அம்மாக்கள், மைக்செட்காரர் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு இருப்பார்கள். மாநாடுகளை அந்த மாதங்களுக்குத் தள்ளினால் புதிதாக ஓட்டல் கட்டாமலே இருக்கிற ரூம் நிரம்பும், இருக்கிற ஆளுக்கு வேலை கிடைக்கும். கொடிசியாவின் வேளாண் கண்காட்சி பெரும்பாலும் ஜூலையில்தான் நடக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று விவசாயி விதையும் கருவியும் தேடுகிற நேரம் அது. தேதி அப்படிப் பொருந்தினால் கூட்டத்தைத் தேடிப் போக வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆயிரம் பேர் பதிவு செய்திருப்பார்கள், எழுநூறு பேர் வருவார்கள், ஆயிரத்து நூறு பேருக்குச் சமைப்போம். பற்றாமல் போனால் மானம் போகும் என்கிற பயம். மிச்சம் விழுகிற பன்னீர் பட்டர் மசாலாவைப் பார்த்தால் வயிறு எரியும். டில்லியிலிருந்து வந்தவருக்கு நாம் எதற்கு பன்னீர் போட வேண்டும்? சூடாக அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், பக்கத்தில் அப்பளம். இல்லையென்றால் சந்தகை, தேங்காய்ப்பால். ஒரு சின்னக் கூட்டத்தில் இதைப் போட்டபோது பஞ்சாப்காரர் ஒருவர் மூன்றாவது முறை தட்டை நீட்டினார். முதல் நாள் மதியம் தட்டை எண்ணி, அந்தக் கணக்கை வைத்து மறுநாளுக்குச் சமைத்தார்கள். குப்பைத்தொட்டி அன்றைக்குப் பாதிகூட நிறையவில்லை.

தண்ணீர் பாட்டில் கதை எனக்கு ஆறாத எரிச்சல். சிறுவாணித் தண்ணீர் என்றால் ஊரே பெருமைப்படும். வெளியூர் போன கோயம்புத்தூர்க்காரன் முதலில் குறை சொல்வது அங்கிருக்கும் தண்ணீரைத்தான். ஊரின் கிழக்குப் பக்கம் பெரும்பாலும் பில்லூர்த் தண்ணீர், அதுவும் மலைத் தண்ணீர்தான். ஆனால் மாநாட்டு மேடையில் எல்லார் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். ஒரு வாய் குடித்துவிட்டு, எது தன் பாட்டில் என்று மறந்து, அடுத்த அமர்வில் இன்னொன்றைத் திறப்பார்கள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை. இந்தப் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லாததால் தப்பித்துக்கொண்டது. பாதி தண்ணீரோடு அது வெள்ளலூர்க் குப்பைக் கிடங்குக்குப் போகும். அதே 2019-இல்தான், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. வடிகட்டிய குழாய்த் தண்ணீரை எவர்சில்வர் ட்ரம்மில் வைத்து, டம்ளரும் கழுவ ஒரு ஆளும் போட்டால், பாட்டில் செலவில் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்தும் மிச்சம் இருக்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

வருகிற வழியும் கணக்கில் உண்டு. மாநாடு விடுகிற புகையில் பெரும்பங்கு மண்டபத்தில் இல்லை, விமானத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து 2023 ஏப்ரல் முதல் வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. அழைப்பிதழில் விமான நேரத்தோடு ரயில் நேரத்தையும் அச்சடித்து, ஸ்டேஷனிலிருந்து ஒரு பஸ் விட்டாலே கொஞ்சம் பேர் மாறுவார்கள். எல்லாரும் மாற மாட்டார்கள்.

போன கண்காட்சியில் பிரிக்கிற ராத்திரி, என்னிடம் சுமை தூக்குகிற பையன் ஒருவன் கிழியாத கார்பெட் துண்டுகளாகப் பார்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். எதற்குடா என்றேன். ஆட்டுக்குட்டிக்குக் கீழே விரிக்கணுங்ண்ணா, மழைக்கு ஈரம் ஏறுது என்றான். அரை மணி நேரம் அவனுக்கு வேறு வேலை சொல்லாமல் விட்டேன். பதினாறு துண்டு சேர்த்தான். மீதியெல்லாம் லாரியில் ஏறியது.

வணக்கம்.